மீட்டருக்குள் ஒரு பல்பு

அவரை எல்லோரும் லைட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லோரும் என்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும். மற்ற ஆறு நாளும் அவரை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுப்பது அவர் வேலை. கடையின் முன்பக்கம் குளிர்சாதனமும் ஆளுயரக் கண்ணாடிகளும் சிரித்த முகத்தோடு இரண்டு பெண்களும் உண்டு. பின்பக்கம் ஓர் ஆள் திரும்பும் அகலத்தில் அவரும் அறுக்கும் இயந்திரமும். சுவரிலிருந்த ஒரு துளை வழியாகச் சீட்டும் பிரேமும் வரும். அரை மணியில் அதே துளை வழியாகக் கண்ணாடி வெளியே போகும். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். தெருவில் எதிரே வருகிறவர்கள் போட்டிருப்பது தான் அறுத்த லென்ஸ் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு முதலில் முடியட்டும் என்று இருந்தார். முடிந்தது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மேஜை. கீழே தங்கையும் அவள் கணவரும். வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. தங்கை கணவர் கார் மெக்கானிக். பேச்சு குறைவு, கை சுத்தம். போல்ட்டைக் கழற்றினால் எந்த வரிசையில் கழற்றினாரோ அந்த வரிசையில் துணியில் அடுக்கிவைப்பார்.

லைட்டு ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கியபோது அது ஓடும் நிலையில் இல்லை. செய்கிற கம்பெனி அந்த மாடலை நிறுத்தியே வெகுகாலம் ஆகியிருந்தது. மெக்கானிக் மூன்று மாதம் அதன் அடியில் கிடந்து உயிர் கொடுத்தார். விளக்குகளை மட்டும் லைட்டு தன் கையால் செய்தார். அதைப் பார்த்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்லப்போய், அதே மாடல் வைத்திருந்த ஒரு கூட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருடையதோடு பதினாலு கார்கள். ஒவ்வொரு ஞாயிறு காலையும், பாதிக் கடைகள் பூட்டிக்கிடக்கும் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் கூடுவார்கள். பகலிலும் அங்கே இருட்டு. ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

"லைட்டு, எதிர்ல வர்றவன் கண்ண நோண்டுதாம் என் வண்டி. நேத்து ஒரு லாரிக்காரர் நிறுத்தி, இறங்கி வந்து, நிதானமா திட்டிட்டுப் போனாரு," என்றார் பல் டாக்டர். அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் பெரிசு.

"என்ன பல்பு போட்டீங்க டாக்டர்?"

"ஆன்லைன்ல வாங்கின எல்இடி. இருபதாயிரம் லூமன்னு அட்டையில போட்டிருந்தான்."

"அட்டையில சூரியன்னுகூட போடுவான். பழைய குண்டு பல்புல இழை எந்த இடத்துல இருந்துச்சோ, அதே இடத்துல இந்த எல்இடி சில்லு உக்காரணும். ஒரு மில்லி தள்ளினாலும் வெளிச்சம் ரோட்டுல விழாது. மரத்துல விழும்."

"அதான் பாத்தேன். ரோட்டுல பள்ளம் தெரியல, காக்கா கூடு தெரியுது."

"பல்பு குடுக்கறதுல இவர மிஞ்ச ஆள் இல்ல," என்றார் வாத்தியார். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருபவர்.

"வாங்கறதுல உங்கள மிஞ்ச ஆள் இல்ல சார்," என்றார் டாக்டர்.

லைட்டு சுவரில் டேப் ஒட்டிக் கோடு போடுவார். காரை அளந்து நிறுத்துவார். ஸ்குரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று நகர்த்துவார். வெளிச்சத்தின் மேல்விளிம்பு மெல்ல இறங்கிக் கோட்டில் வந்து உட்காரும். அதுவரை அவர் முதுகுக்குப் பின்னால் பதிமூன்று பேர் வாய் திறக்காமல் நிற்பார்கள். டாக்டர், வாத்தியார், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர்கூட. "ம், போதும்" என்று அவர் சொன்ன பிறகுதான் யாராவது இருமுவார்கள். அந்த அமைதிக்காக அவர் ஆறு நாள் லென்ஸ் அறுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

"கோளாறு எதுன்னாலும் என் மாப்பிள்ளகிட்ட கொண்டுவாங்க," என்று கூட்டத்தில் சொன்னதும் அவர்தான். அதுவரை பட்டறைக்கு வந்தது அக்கம்பக்கத்து வண்டிகள். இப்போது பதினாலு கார்களும் வந்தன. டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரு டாக்ஸி கம்பெனியின் வண்டிகளையும் திருப்பிவிட்டார். பட்டறையில் இடம் போதாமல் தெருவில் நிறுத்தினார்கள். தங்கை ஒருநாள் சாப்பாடு போடும்போது, "உன் புண்ணியம்ணே," என்றாள். "நான் என்ன பண்ணினேன்," என்றார் அவர். இன்னொரு தடவை அவள் அதைச் சொல்வாளா என்று காத்திருந்தார்.

ஹெட்லைட் முடிந்தது, பின்விளக்கு முடிந்தது, உள்விளக்கு முடிந்தது. ஒரு மழைக்காலத்தில் மீட்டருக்கு வந்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகமும் பெட்ரோலும் காட்டும் பலகை. பழைய பல்புகளில் அது கிழட்டு மஞ்சளாகத் தெரிந்தது. எல்லோருக்கும் வெள்ளை வேண்டும். பலகையைப் பின்னாலிருந்து கழற்றினால் விரல் நுனி அளவில் ஏழெட்டு பல்புகள் இருக்கும். வெளிச்சத்துக்கு நான்கு. மற்றவை எச்சரிக்கை விளக்குகள்: ஆயிலுக்கு ஒன்று, ஹேண்ட்பிரேக்குக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. பேட்டரி விளக்கு சிவப்பு. சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். அணைந்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று பொருள்.

யாரும் அந்த எச்சரிக்கை விளக்குகளை மாற்றச் சொல்லவில்லை. பாதி பழசு பாதி புதுசு என்று விட அவர் கைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினார். நான்கு ஞாயிறுகளில் பதினொரு கார்கள். தன்னுடையதும் சேர்த்துப் பன்னிரண்டு. இரண்டு பேர் மட்டும் மஞ்சளே போதும் என்றார்கள். அவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று டாக்டர் கேலி செய்தார்.

அடுத்த வாரம் வாத்தியார் கேட்டார். "லைட்டு, ஸ்டார்ட் பண்ணினப்புறமும் அந்தச் சிவப்பு எரிஞ்சுகிட்டே இருக்கு. முன்னாடி பட்டுனு அணைஞ்சிடும்."

"எல்இடிக்கு எறும்பு கடிச்ச அளவு கரண்ட் இருந்தாலே எரியும் சார். குண்டு பல்பு அப்படி இல்ல, அதுக்கு வயிறு பெரிசு. எங்கயோ கசியற கரண்ட்ல இது எரியுது."

"அப்ப ஒண்ணுமில்லயா?"

"ஒண்ணுமில்ல. கண்டுக்காம ஓட்டுங்க."

எல்இடி கசிவுக் கரண்டில் எரியும் என்பது உண்மை. வீட்டில் ஸ்விட்சை அணைத்த பிறகும் மினுக்கும் விளக்கை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். விஷயம் தெரியாத ஒருவர் சிவப்பைப் பார்த்துப் பயந்து வண்டியை ஓரம் கட்டியிருப்பார். விஷயம் தெரிந்தவர் சொன்னதால் பதினொரு பேரும் கண்டுகொள்ளாமல் ஓட்டினார்கள்.

முதலில் நின்றது வாத்தியார் கார். கொட்டும் மழையில், பாலத்து நடுவில், வைப்பர் தளர்ந்து நின்று, ஹெட்லைட் மங்கி, கடைசியில் இன்ஜினும் போனது. பின்னால் நூறு வண்டிகள் ஹாரன் அடித்தன. வாத்தியாரும் அவர் மனைவியும் இறங்கித் தள்ளினார்கள். பேட்டரியில் ஒரு சொட்டு இல்லை.

மெக்கானிக் புது பேட்டரி வைத்து, ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தி இன்ஜினை உறுமவிட்டு அளந்தார். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்பும் சாமான் ஆல்டர்னேட்டர். அது பதினாலு வோல்ட் கொடுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, துடைத்து மாட்டினார். பத்து நாளில் கார் மறுபடி நின்றது. அடுத்து டாக்டருடையது, க்ளினிக் வாசலில். அடுத்து மீதி ஒன்பதும். ஒவ்வொன்றையும் பட்டறைக்கு இழுத்துவந்து உறுமவிட்டு அளந்தால் பதினாலு வோல்ட். வெளியே போய்ப் பத்து நாள் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்தால் பேட்டரி காலி.

ஒருநாள் காலை மாடிப்படியின் கீழ் மெக்கானிக் நின்றிருந்தார்.

"மச்சான், அந்த மீட்டர்ல நீங்க என்னென்ன மாத்தினீங்க?"

"விளக்குதான். ஏன்?"

"மாத்தாத ரெண்டு வண்டி மட்டும் நிக்கல. அதான் கேட்டேன்."

"வெளிச்சத்துக்கும் சார்ஜுக்கும் என்ன மாப்பிள்ள சம்பந்தம்? அது சும்மா காட்டற விளக்கு. என் வண்டியிலயும் அதேதான் போட்டிருக்கேன். ஒருநாள் நின்னிருக்கா?"

மெக்கானிக் அந்தக் காரைப் பார்த்தார். அது நின்றதில்லைதான். "இல்ல, சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போனார்.

அந்த ஞாயிறு அடித்தளத்தில் யாரும் ஹெட்லைட் போடவில்லை. நின்ற கார்களைப் பற்றித்தான் பேச்சு.

"உங்க மாப்பிள்ளன்னு பாக்க வேண்டாம் லைட்டு," என்றார் டாக்டர். "பழைய சாமான மாட்டிட்டு மாத்திட்டேன்னு சொல்றாரா?"

"திருட்டுத்தனம் அவருக்குத் தெரியாது டாக்டர்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். பதிமூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் வெளிச்சம் இறங்கும்போது பார்ப்பது போலவே.

"இன்ஜின்ல கெட்டிக்காரர். கரண்ட் சமாச்சாரம்னா... அவ்வளவா பிடிபடாது."

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றார் டாக்டர், கோபமில்லாமல்.

கார்கள் வேறு பட்டறைக்குப் போயின. டாக்ஸி கம்பெனியும் போனது. டாக்டர் ஒரே ஒரு போன் செய்தார், அவ்வளவுதான். தெருவில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பட்டறைக்குள்ளேயே இடம் மிச்சமானது. அக்கம்பக்கத்து வண்டிகள் இந்தக் கூட்டம் வந்தபோதே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டிருந்தன.

மூன்று வாரம் கழித்து, தன் காரில் பனிவிளக்கு மாட்ட வயர் எங்கிருந்து எடுக்கலாம் என்று பார்க்க, லைட்டு அந்த மாடலின் வயரிங் படத்தை மேஜையில் விரித்தார். லென்ஸ் சீட்டைப் படிப்பது போல ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் போனார். பேட்டரி விளக்குக்குப் போகும் கோடு அங்கே முடியவில்லை. விளக்குக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, நேரே ஆல்டர்னேட்டரில் போய் இறங்கியது. விரலை மறுபடி முதலில் வைத்தார். மறுபடி அங்கேயே போனது.

அது காட்டுகிற விளக்கு மட்டுமல்ல. இன்ஜின் கிளம்பியதும் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் அந்தப் பல்புக்குள் புகுந்துதான் போகிறது. வயிறு பெரிய குண்டு பல்பு தாராளமாக விட்டது. எல்இடி எறும்பு கடிச்ச அளவுதான் விடும். இன்ஜினை ஒருமுறை உறுமவிட்டால் ஆல்டர்னேட்டர் தானே எழுந்துகொள்ளும். மெதுவாகவே ஓட்டினால் தூங்கிக்கொண்டே இருக்கும். சிவப்பு விளக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கி, பட்டறையில் நின்ற தன் காரை ஸ்டார்ட் செய்து, உறுமவிடாமல் அளந்தார். பன்னிரண்டுகூட இல்லை. எல்இடியை எடுத்துவிட்டுப் பழைய பல்பைப் போட்டார். சிவப்பு பட்டென்று அணைந்தது. பதினாலு. மறுபடி எல்இடி. மறுபடி பல்பு. நாலாவது தடவை செய்ய வேண்டியதில்லை, இருந்தாலும் செய்தார். தன் கார் ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்தது. பட்டறையிலிருந்து தெருவுக்கு ஏறுவது செங்குத்தான மேடு. தினமும் கிளம்பும்போதே உறுமிக்கொண்டுதான் ஏறும்.

மெக்கானிக் உள்ளே தரையில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், கோளாறா?" என்றார்.

"ஒண்ணுமில்ல," என்றார் லைட்டு.

ஞாயிறு சொல்லிவிடுவது என்று போனார். வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே போனார். தப்பு என்னோடது. தப்பு விளக்கோடது. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அடித்தளத்தில் காரை நிறுத்தியதும் நீதிபதி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அந்தச் சிவப்பு மட்டும்," என்று ஆரம்பித்தார் லைட்டு. கதவைப் பிடித்திருந்த நீதிபதியைப் பார்த்தார். "எல்இடி சிவப்பு கண்ணுக்கு உறுத்துது. கண்ணாடிக் கடையில இருக்கறவன் சொல்றேன். அத மட்டும் பழைய பல்பா மாத்திடலாம்."

"நீங்க சொன்னா சரிதான்," என்றார் டாக்டர்.

இரண்டு ஞாயிறுகளில் பதினொரு பல்புகளும் திரும்பிப் போயின. ஒரு காரும் அதன் பிறகு நிற்கவில்லை. ஒரு மாதம் பார்த்தார்கள், இரண்டு மாதம் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, மெக்கானிக்க மாத்தினோம், புது ஆளுக்கும் பிடிபட ஒரு மாசம் ஆச்சு, ஆனா வண்டி பொழச்சிடுச்சு," என்றார் டாக்டர்.

"லைட்டுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றார் வாத்தியார். "சொந்தம்னு பாக்காம உள்ளத உள்ளபடி சொன்னாரே. நம்மள்ல எத்தன பேரு சொல்லுவோம்?"

யாரோ கை தட்டினார்கள். அடித்தளமாதலால் சத்தம் அதிகமாகக் கேட்டது.

மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டு ஒரு சரக்கு லாரி கம்பெனியின் யார்டில் வேலைக்குச் சேர்ந்தார். டயர் மாற்றுவது. பழைய வேலையைப் பற்றி அங்கே விசாரித்திருந்தார்கள். அதனால் வேறெதையும் அவரிடம் விடவில்லை. தங்கை மாடிக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஒவ்வொரு நட்டையும் மூணு தடவ முறுக்கிப் பாக்கறாராம்ணே. அங்க இருக்கறவங்க சிரிக்கறாங்களாம். வீட்டுக்கு வந்தா கேஸ் அடுப்பு மூடியிருக்கான்னு மூணு தடவ பாக்கறாரு."

"வேலை புதுசு. சரியாயிடும்."

"என்ன புதுசு. டயர் மாத்தறதுதானே," என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

லைட்டின் காரில் பிரேக் தேய்ந்து கிறீச்சிட்டது. வேறு இடத்தில் கொடுக்க அவருக்கு முகமில்லை. ஒரு பண்டிகை விடுமுறையில், யாரும் கேட்காமல் மெக்கானிக்கே காரைத் தூக்கி நிறுத்திப் பிரேக்கை மாற்றினார். போல்ட்டுகளைத் துணியில் அடுக்கியிருந்தார்; இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சாக்பீஸால் எண் எழுதியிருந்தார். முடித்துவிட்டுக் கையைத் துடைத்தார். மறுபடி குனிந்து பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"மச்சான், ஒரு தடவ நீங்க பாத்துடுங்க."

"நான் என்னத்தப் பாக்கறது மாப்பிள்ள? பிரேக் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"சும்மா பாருங்க. கூட ஒரு கண்ணு. எனக்கு என் கை மேல நம்பிக்க இல்ல. அந்தப் பதினோரு வண்டியில என்னத்த விட்டேன்னு இன்னும் யோசிச்சுகிட்டே இருக்கேன். டயர் கழட்டும்போதும் அதான் ஓடுது."

லைட்டு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக இருந்தது. குனிந்தபடியே சொன்னார்.

"நீங்க ஒண்ணும் விடல. அந்தச் சிவப்பு விளக்கு. எல்இடி போட்டா ஆல்டர்னேட்டருக்குக் கரண்ட் போகாது. நான்தான்."

மெக்கானிக் மனசுக்குள் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"உறுமவிட்டு அளந்தேன்," என்றார். "உறுமவிடாம அளந்திருக்கணும்."

"யாரும் அப்படி அளக்க மாட்டாங்க மாப்பிள்ள."

"எப்பத் தெரிஞ்சது?"

லைட்டு நிமிர்ந்தார். பொய் சொல்ல ஒரு இடம் இருந்தது. நேற்று என்று சொல்லலாம்.

"அவங்க வேற பட்டறைக்குப் போன மூணாவது வாரம்."

"அப்ப பட்டறை திறந்துதான் இருந்துச்சு."

"ம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணுக்கு உறுத்துதுன்னு சொல்லி மாத்திட்டேன். இந்த ஞாயிறு சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லிடறேன். உங்க தங்கமான பேரு உங்களுக்கு வந்துடும். டாக்ஸிக்காரங்களும் திரும்பி..."

"வேண்டாம்."

"இல்ல மாப்பிள்ள, நான் சொல்லத்தான் போறேன்."

"சொன்னா அடுத்த ஞாயித்துலேர்ந்து அங்க சேத்துக்குவாங்களா?"

லைட்டு மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.

"மாட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் வீட்டுலதான் உக்காந்திருப்பீங்க. வாரத்துல எனக்கு இருக்கறது அந்த ஒருநாள் லீவு. அன்னிக்கும் உங்க முகத்தப் பாத்துகிட்டு என்னால சாப்பிட முடியாது." கைத்துணியை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "போயிட்டு வாங்க. எப்பவும் போல போயிட்டு, எப்பவும் போல மெதுவா வாங்க. உங்க தங்கச்சிக்கு இது தெரிய வேண்டாம். உங்களுக்குச் சோறு போட அவளுக்குக் கை வரணும்."

எழுந்து, போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் எழுதிய எண்களைக் காலால் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு காலை லைட்டு உடுத்திக்கொள்ளாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீழே கேட்டின் இரும்புத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். மெக்கானிக் கேட்டின் இரண்டு பக்கத்தையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, ஒரு பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாடியைப் பார்க்கவில்லை. தங்கை உள்ளேயிருந்து, "யாருக்குங்க திறந்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"மச்சான் கிளம்பறாரு," என்றார் அவர்.

லைட்டு சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். காரை எடுத்தார். மேட்டில் உறுமிக்கொண்டு ஏறித் தெருவுக்கு வந்ததும், பின்னால் கேட் மூடியது.